தேதிகளை அடுக்கிப் பாருங்கள்: பழைய கார் வாங்குவோர் கேள்வி-பதில்

புதுச்சேரி, கடலூர் பக்கத்திலிருந்து பலரும் இப்போது பழைய கார் வாங்கச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறார்கள். அங்கே வண்டி அதிகம், பேரம் பேசவும் இடமிருக்கிறது. நம் தெருவில் ஓடிய வண்டி என்றால் யார் ஓட்டினார், எந்தச் சுவரில் இடித்தார் என்பதெல்லாம் டீக்கடையிலேயே தெரிந்துவிடும். பெருநகரத்து வண்டிக்கு அப்படிச் சொல்ல ஆள் கிடையாது. வண்டியையும் அதன் காகிதங்களையும் வைத்து நாமேதான் அதன் கதையைக் கண்டுபிடிக்க வேண்டும். பல வருடம் ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டு, இப்போது பழைய வண்டிகளைப் பார்த்துச் சொல்லும் வேலையில் இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து, வந்திருக்கும் கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

சார், சென்னையில் 2017 மாடல் பெட்ரோல் கார் ஒன்று பார்த்திருக்கிறேன். மீட்டர் 42,000 கி.மீ. காட்டுகிறது. "ஆபீஸுக்கு மட்டும்தான் எடுத்துப் போவேன்" என்கிறார் விற்பவர். நம்பலாமா? (வாசகர், லாஸ்பேட்டை)

மீட்டரை நம்பாதீர்கள். டிஜிட்டல் மீட்டரையும் குறைக்க முடியும், அதற்கு ஒரு லேப்டாப் போதும். ஆனால் குறைத்தவர்கள் டயரில் இருக்கும் தேதியை மறந்துவிடுவார்கள். அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 1220 என்றிருந்தால் 2020-ஆம் வருடம் 12-ஆவது வாரத்தில் செய்த டயர். நான்கு டயரும் 2020-இல் வந்தவை என்று வையுங்கள். கம்பெனி போட்ட டயர் பொதுவாக 40,000 கி.மீ. பக்கம் வரை தாங்கும். அப்படியென்றால் இந்த வண்டி முதல் மூன்று வருடத்திலேயே அந்த அளவு ஓடியிருக்கலாம். பிறகு இத்தனை வருடம் ஷெட்டிலேயே நின்றதா? விற்பவரிடம் இதை நேராகக் கேளுங்கள். பதில் உண்மையாக இருந்தால் டயர் மாற்றிய பில்லையும் எடுத்துக் காட்டுவார்.

அடுத்தது சர்வீஸ் கணக்கு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டிருந்தால், எந்தத் தேதியில் எத்தனை கி.மீ. என்பது அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கும். விற்பவரையே கூட்டிப்போய், அவர் சம்மதத்தோடு அந்தப் பட்டியலை வாங்குங்கள். 2019-இல் 51,000 என்று ஒரு வரி இருந்தால் மேலே பேசவே வேண்டாம். ஏதோ ஒரு வருடத்தோடு சர்வீஸ் பதிவு நின்றுபோயிருந்தால், வெளி மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாம், அதில் தப்பில்லை. அந்த பில்லைக் கேளுங்கள். ஃபாஸ்டேக் கணக்கு கிடைத்தால் இன்னும் நல்லது. ஆபீஸுக்கு மட்டும் போன வண்டி வாராவாரம் திருச்சி டோலைத் தாண்டியிருக்காது.

ஸ்டீயரிங் வழவழப்பு, பெடல் ரப்பர் தேய்மானம் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் அதிகம் கவனிப்பது புத்தம் புதுப் பெடல் ரப்பரை. 42,000 ஓடிய வண்டியில் அதை ஏன் மாற்ற வேண்டும்?

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை வாங்கி ஏமாந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகி, ரெயின்போ நகர்)

அம்மா, நீங்கள் இருக்கும் இடத்துக்கு இந்தப் பயம் நியாயமானது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது, புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ.-க்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் வாசலில் நின்ற வண்டிகளுக்கு என்ன ஆனது என்று நேரில் பார்த்திருப்பீர்கள். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், பெங்களூரில் 2022 செப்டம்பர் வெள்ளம். இந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் இன்சூரன்ஸ் கிளெய்மோ பெரிய சர்வீஸ் பில்லோ இதை ஒட்டி வந்திருந்தால், அது தண்ணீர் பார்த்த வண்டியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வெள்ள வண்டி சந்தைக்கு எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரிப்பேர் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ் கம்பெனி அதை டோட்டல் லாஸ் என்று முடித்துவிடும். உரிமையாளருக்குப் பணம் போய்விடும், வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுத்தவர் கழுவி, காயவைத்து, சீட் துணி மாற்றி வேறு ஊரில் விற்பார். சென்னை வண்டி கடலூருக்கு வரும், நம் ஊர் வண்டி சேலத்துக்குப் போகும்.

2016-இல் கடலூர் முதுநகரில் இருக்கும் என் நண்பர், சென்னையில் ஒரு கடையில் "டாக்டர் ஓட்டின வண்டி" என்று சொல்லி விற்ற காரை எடுத்து வந்தார். என்னிடம் காட்டாமலேயே பணம் கொடுத்துவிட்டார். மூன்றாவது மாதம் ஏர்பேக் விளக்கு அணையவே இல்லை, பிறகு பவர் விண்டோ நின்றது. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் வண்டல் காய்ந்து ஓடு மாதிரி ஒட்டியிருந்தது. அன்று அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான், யாராவது கேட்டால் ஞாயிற்றுக்கிழமை என்றாலும் போய் வண்டி பார்த்துக் கொடுக்கிறேன்.

நீங்களே செய்யக்கூடியது இது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். பாதிக்கு மேல் மண் நிறக் கறையோ கோடோ தெரிந்தால் அது தண்ணீர் நின்ற மட்டம். சீட்டை முன்னே தள்ளி, அடியில் ஓடும் தண்டவாளத்திலும் போல்ட்டிலும் துரு இருக்கிறதா பாருங்கள். கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் இருக்கும் பஞ்சைக் கையால் அழுத்துங்கள், முகர்ந்தும் பாருங்கள். வண்டிக்குள் வாசனை ஸ்ப்ரே தூக்கலாக இருந்தால் கண்ணாடியை எல்லாம் ஏற்றி, அரை மணி நேரம் வெயிலில் விட்டுத் திறங்கள். மக்கிய வாடை ஒளிந்திருக்க முடியாது. மெக்கானிக் கூட இருந்தால் டேஷ்போர்டுக்குக் கீழே ஒயர் கனெக்டர்களைக் கழற்றச் சொல்லுங்கள். செம்பு பச்சை பூத்திருந்தால் வேறு சாட்சியே தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை: கடலோரத்தில் வருடக்கணக்கில் நின்ற வண்டியிலும் அடிப்பாகத்தில் துரு இருக்கும். உப்புக் காற்றுத் துரு வெளியே, சக்கரத்துக்கு மேலே, சைலன்சர் பக்கம் வரும். வெள்ளத் துரு வண்டிக்கு உள்ளே, காற்று போகாத இடத்தில் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல வண்டியை விட்டுவிட வேண்டாம்.

விபத்தில் அடிபட்டதா என்று இன்சூரன்ஸ் காகிதத்திலிருந்து தெரியுமா? (வாசகர், நெய்வேலி)

ஓரளவு தெரியும். பழைய பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். கிளெய்ம் இல்லாமல் ஒரு வருடம் போனால் 20, அப்புறம் 25, 35, 45, கடைசியாக 50. ஒரே உரிமையாளரிடம் ஆறேழு வருடம் இருந்த வண்டிக்கு அது 20 என்றிருந்தால், சமீபத்தில் ஒரு கிளெய்ம் வாங்கியிருக்கலாம். என்ன கிளெய்ம், எப்போது என்று கேட்டு, பில்லை வாங்குங்கள். பம்பர் கீறலுக்கு வாங்கினாலும் போனஸ் போய்விடும், பாலிசியை 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டாலும் போய்விடும். கைமாறிய வண்டிக்குப் புது உரிமையாளர் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குவார். ஆகவே குறைவான போனஸைப் பார்த்தவுடன் முடிவுக்கு வராதீர்கள்.

வண்டியிலும் ஒத்துப் பாருங்கள். எல்லாக் கண்ணாடியிலும் ஓரத்தில் கம்பெனிப் பெயரும் வருடக் குறியும் இருக்கும். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தப் பக்கம் ஏதோ நடந்திருக்கிறது. கல் பட்டும் முன் கண்ணாடி உடையும், அதனால் பக்கத்துக் கண்ணாடி மாறியிருந்தால்தான் நான் கூடுதலாகத் தேடுவேன். கதவின் ரப்பர் பீடிங்கை உருவினால் பில்லரில் (கூரையைத் தாங்கும் தூணில்) கம்பெனி வெல்டிங் புள்ளிகள் சீரான இடைவெளியில் தெரியும். டிங்கரிங் செய்த இடத்தில் அந்த வரிசை கலைந்திருக்கும். பானெட் போல்ட்டில் பெயின்ட் உரிந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது என்று அர்த்தம். பெயின்ட் தடிமன் பார்க்கும் கருவி மதிப்பீட்டாளர்களிடம் இருக்கும். கம்பெனி பெயின்ட் 100 மைக்ரான் சுற்றுவட்டத்தில் காட்டும். 300-க்கு மேல் போனால் உள்ளே பட்டி, அதாவது நெளிவை நிரப்பிய பூச்சு, இருக்கிறது.

கதவும் பம்பரும் மாற்றியிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம். பில்லர், ஏப்ரன் (பானெட்டுக்குள் இரு பக்கமும் இருக்கும் தகடு), சேசிஸ் தொட்டிருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அந்த வண்டியில் உங்கள் பிள்ளைகள் உட்காரப்போகிறார்கள்.

லோன் முடிந்துவிட்டது என்கிறார். ஆனால் ஆர்.சி.யில் பேங்க் பெயர் இருக்கிறது. (வாசகர், வில்லியனூர்)

லோன் முடிந்தாலும் பேங்க் பெயர் தானாகப் போகாது. பேங்க் கொடுக்கும் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) படிவம் 35-உம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்து நீக்க வேண்டும். நீக்கிய பிறகு மொத்தப் பணத்தைக் கொடுங்கள். "வாங்கிய பிறகு நீங்களே நீக்கிக்கொள்ளுங்கள்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பேங்க் கடிதத்தில் இருக்கும் தேதியையும் பாருங்கள். அது காலாவதியாகியிருந்தால் மறுபடி கேட்டு வாங்க வேண்டும். அதைப் பழைய உரிமையாளர்தான் செய்ய முடியும், அவர் அப்போது போன் எடுப்பாரா?

புரோக்கர் ஆர்.சி. போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அது போதுமா? (வாசகர், பண்ருட்டி)

போதாது. எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, பதிவுத் தேதி, எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், கடன் விவரத்தை ஒப்பிடுங்கள். உரிமையாளர் பெயர் பாதி மறைத்தே வரும், முதல் எழுத்துகள் பொருந்தினால் சரி. இ-செலான் தளத்தில் பாக்கி அபராதம் பாருங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சேவையில் அது திருட்டு வண்டியா என்றும் தேடலாம். அப்புறம் நேரில் போய் வண்டியில் அடித்திருக்கும் சேசிஸ் எண்ணைக் காகிதத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றிப் புதுப் பெயின்ட், தேய்த்த தடம், கோணலான எழுத்து எது இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

சென்னை வண்டியைப் புதுச்சேரி எண்ணுக்கு மாற்ற என்ன செய்ய வேண்டும்? நான் இருப்பது கடலூர், முத்தியால்பேட்டையில் மாமா வீடு இருக்கிறது. (வாசகர், கடலூர்)

தம்பி, நீங்கள் கேட்பது புரிகிறது. புதுச்சேரியில் வரி குறைவு, மாமா வீட்டு முகவரியைக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறீர்கள். வேண்டாம். முள்ளோடை எல்லையைத் தாண்டி தினமும் கடலூரில் ஓடும் வண்டிக்குப் புதுச்சேரி முகவரி காட்டுவது சரியல்ல. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவு எண் வாங்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அப்போது தமிழ்நாட்டு வரியையும் கட்ட வேண்டியிருக்கும். நீங்கள் வாங்குவது தமிழ்நாட்டு வண்டிதானே? படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றினால் வேலை முடிந்தது.

உண்மையிலேயே புதுச்சேரியில் வசிப்பவர்களுக்கு: சென்னை ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28 மூலம் என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டிப் புது எண் வாங்க வேண்டும். பாக்கி செலானோ கடனோ இருந்தால் இந்தக் கட்டத்தில் வெளியே வந்துவிடும். அதனால் என்.ஓ.சி. கைக்கு வரும்வரை ஒரு பகுதிப் பணத்தை நிறுத்தி வையுங்கள்.

டெல்லி டீசல் வண்டி பாதி விலைக்குக் கிடைக்கிறதே? (வாசகர், விழுப்புரம்)

10 வருடம் தாண்டிய டீசல், 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளை டெல்லி வட்டாரத்தில் ஓட்டக்கூடாது என்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னதால்தான் அந்த விலை. அந்த உத்தரவு பிறகு தளர்ந்தாலும் பழைய டீசலுக்கு அங்கே விலை ஏறிவிடவில்லை. வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் என்.ஓ.சி., இங்கே கட்டும் வரி, கொண்டுவரும் செலவு எல்லாவற்றையும் கூட்டிவிட்டு, நம் ஊரில் அதே மாடல் என்ன விலை என்று பாருங்கள். பலருக்கு லாபம் அங்கேயே கரைந்துவிடுகிறது. நேரில் போய்ப் பார்க்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஐயா, ஆறு மாதத்துக்கு முன் என் காரை ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில் கொடுத்தேன். இப்போது எங்கோ வேகமாகப் போனதாக என் போனுக்குச் செலான் வருகிறது. (வாசகர், மஞ்சக்குப்பம்)

இதைத் தள்ளிப்போடாமல் இன்றைக்கே கவனியுங்கள். வண்டி உங்கள் பெயரில்தான் இன்னும் இருக்கிறது. செலானை விடுங்கள், அந்த வண்டி யாரையாவது இடித்து, இன்சூரன்ஸும் இல்லாமல் இருந்தால் இழப்பீடு உங்கள் தலையில் விழும். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டி நான்கு கை மாறியிருந்த வழக்கு அது.

விற்ற நாளில் வாங்கிய டெலிவரி நோட், பணம் வந்த பேங்க் கணக்கு, பேசிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். படிவம் 29-ஐ ஆர்.டி.ஓ.வுக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. தாமதமானாலும் இப்போதாவது செய்யுங்கள். காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். ஃபாஸ்டேக் உங்கள் கணக்கில் இருந்தால் உடனே மூடுங்கள். 2023 ஏப்ரல் முதல், அங்கீகாரச் சான்று பெற்ற வியாபாரியிடம் வண்டியைக் கொடுத்து, படிவம் 29சி மூலம் இருவரும் தெரிவித்துவிட்டால், வண்டிக்கு அவரே பொறுப்பு என்று விதி வந்திருக்கிறது. நீங்கள் கொடுத்த கடைக்கு அந்தச் சான்று இருந்ததா, 29சி போட்டார்களா என்று முதலில் போய்க் கேளுங்கள். போடவில்லை என்றால், வாங்கியவரின் பெயர், முகவரியை எழுத்தில் வாங்காமல் அங்கிருந்து எழுந்து வராதீர்கள்.