சர்க்கரை சமம், ஆனால் வசந்த கோதுமை மட்டும் செத்தது ஏன்?

4 டிகிரியில் ஒரு வாரம் வைத்து இலைச் சர்க்கரையை அளந்தால் கோதுமையின் குளிர்கால ரகமும் (இலையுதிர் காலத்தில் விதைத்து, குளிரைக் கடப்பது) வசந்த ரகமும் (வசந்தத்தில் விதைப்பது) சமம், ஆனால் உறைய வைத்தால் வசந்த ரகம் மட்டும் செத்துவிடுகிறது, அப்படியென்றால் சர்க்கரைக்கும் குளிர் தாங்கலுக்கும் தொடர்பில்லையா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். ஒரு வாரம் போதாது. ஆரம்பத்தில் இரண்டு ரகமும் சர்க்கரை சேர்க்கும். வித்தியாசம் அப்புறம்தான் தெரியும். நான்கைந்து வாரமாவது வையுங்கள்.

காரணம் 5ஏ குரோமோசோமில் இருக்கிறது. அதன் நீண்ட கரத்தில் எஃப்ஆர்-ஏ2 என்ற இடத்தில் சிபிஎஃப் மரபணுக்கள் கொத்தாக உள்ளன. குளிர் தாங்கும் மரபணுக்களை முடுக்குபவை இவை. அதே கரத்தில், பூக்கத் தூண்டும் மரபணுவான விஆர்என்1-ம் உண்டு. வசந்த ரகத்தில் அது முதலிலிருந்தே இயங்கி, சிபிஎஃப்-ஐ அடக்கிவிடும். குளிர்கால ரகத்தில் வாரக்கணக்கில் குளிர்பட்ட பிறகுதான் அது விழிக்கிறது.

அப்புறம், இலையை விடுங்கள். மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, தூர் கிளம்பும் அந்தக் கணுவை வெட்டி அளந்து பாருங்கள். இலை கருகினாலும் அது பிழைத்தால் செடி துளிர்க்கும்.

நீங்கள் அளந்தது ஆந்த்ரோன் முறை (நிறமாற்றத்தை வைத்துச் சர்க்கரையை அளப்பது) என்றால் எல்லாச் சர்க்கரையும் ஒரே எண்ணில் கலந்துவிடும். 80% எத்தனாலில் எளிய சர்க்கரைகளை எடுத்துவிட்டு, மிச்சத்தை வெந்நீரில் பிரித்தால் நீளமான ஃப்ரக்டான் (ஃப்ரக்டோஸ் சர்க்கரைகள் கோத்த சங்கிலி) தனியே கிடைக்கும். ஜப்பானிய ஆய்வுகளில் ஃப்ரக்டானை அதிகம் சேர்த்தவை பனிப்பூஞ்சணம் (பனிப் போர்வைக்கு அடியில் பயிரைத் தாக்கும் பூஞ்சை நோய்) தாங்கும் ரகங்கள். உறைபனி தாங்கும் ரகங்களில் எளிய சர்க்கரைதான் கூடுதல்.

அறையில் விளக்கு எவ்வளவு வெளிச்சம்? மங்கலென்றால் சேர்க்கச் சர்க்கரையே இருக்காது.