ஃப்ளிக்கரில் உள்ள படங்களை வலைப்பதிவில் காட்டுவது எப்படி?

கேள்வி: என் புகைப்படங்களைப் பல ஆண்டுகளாக ஃப்ளிக்கரில் சேமித்து வருகிறேன். அவற்றில் சிலவற்றை என் வலைப்பதிவின் இடுகைகளில் காட்ட விரும்புகிறேன். ஒவ்வொன்றையும் தரவிறக்கி மறுபடியும் பதிவேற்றாமல் இதைச் செய்ய முடியுமா? புதிதாக ஏற்றும் படங்கள் பக்கப்பட்டையில் தாமாகவே தோன்றவும் வழியுண்டா?

பதில்: இரண்டுக்கும் வழி உண்டு. முதலாவது எளிது, இரண்டாவதற்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

ஃப்ளிக்கரில் படத்தின் பக்கத்தைத் திறந்து, படத்துக்குக் கீழே வலப்புறம் உள்ள வளைந்த அம்புக்குறியைச் சொடுக்கினால் பகிர்வதற்கான பெட்டி திறக்கும். அதில் ‘எம்பெட்’ என்பதைத் தேர்ந்து, வேண்டிய அளவையும் குறிப்பிட்டால், நகலெடுக்க ஒரு நிரல்துண்டு கிடைக்கும். பிளாக்கரில் எழுதுகிறவர்கள் இதை வழக்கமாகத் தட்டச்சு செய்யும் பார்வையில் ஒட்டிவிடக் கூடாது. அப்படி ஒட்டினால் படத்துக்குப் பதிலாக அடைப்புக்குறிகளோடு நிரலே வரிவரியாகக் காட்சி தரும். இடுகையின் மூல நிரலைக் காட்டும் எச்டிஎம்எல் பார்வைக்கு மாறி ஒட்ட வேண்டும். வேர்ட்பிரஸில் இந்த நிரல்கூடத் தேவையில்லை. படத்தின் பக்க முகவரியைத் தனி வரியில் ஒட்டினால் போதும். ஓஎம்பெட் என்னும் பொது ஏற்பாட்டின்படி வேர்ட்பிரஸே ஃப்ளிக்கரிடம் கேட்டுப் படத்தை வாங்கிக்கொள்ளும்.

நிரல்துண்டை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் அதில் எதை நீக்கலாம், எதை நீக்கக் கூடாது என்பது தெரிந்திருந்தால் பிற்பாடு வரும் சிக்கல்களில் பாதியைத் தவிர்த்துவிடலாம். அதில் மூன்று பகுதிகள் உள்ளன: படத்தின் ஃப்ளிக்கர் பக்கத்துக்குச் செல்லும் சுட்டி, அச்சுட்டிக்குள் படக்கோப்பின் முகவரி, கடைசியாக ஒரு ஸ்கிரிப்ட் வரி, அதாவது உலாவியில் இயங்கும் சிறு நிரலை அழைக்கும் வரி. தனிப் படங்களுக்கு அந்த ஸ்கிரிப்ட் வரியை நான் நீக்கிவிடச் சொல்வேன். அது இல்லாவிட்டாலும் படம் தெரியும், சுட்டி வேலை செய்யும். பக்கமும் விரைவாகத் திறக்கும். சுட்டியை மட்டும் நீக்கக் கூடாது. தன் தளத்திலுள்ள படத்தை வேறிடத்தில் காட்டுகிறவர்கள் அதன் பக்கத்துக்கு இணைப்புத் தர வேண்டும் என்பது ஃப்ளிக்கரின் விதி.

ஸ்கிரிப்டை நீக்கியபின் கைப்பேசியில் படம் திரையின் விளிம்பைத் தாண்டி நீளக்கூடும். படத்தின் அகலமும் உயரமும் நிரலில் பிக்சல் கணக்கில் எழுதப்பட்டிருப்பதே காரணம். படத்துக்குரிய குறியில் (img) ஸ்டைல் (style) பண்பைச் சேர்த்து, ‘மேக்ஸ்-விட்த்’ (max-width) என்பதற்கு 100 சதவீதம் என்றும் ‘ஹைட்’ (height) என்பதற்கு ‘ஆட்டோ’ (auto) என்றும் கொடுத்தால் சரியாகிவிடும். பல வார்ப்புருக்களில் இது முன்பே இருக்கும் என்பதால், கைப்பேசியில் பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் மட்டும் சேருங்கள்.

எந்த அளவைத் தேர்வது என்பதில் பலரும் தேவைக்கு மேல் பெரியதையே எடுக்கிறார்கள். இடுகைப் பகுதியின் அகலம் 640 பிக்சல் என்றால் 1024 அளவுள்ள படம் கூர்மையான திரைகளுக்கும் போதுமானது. அதற்கு மேல் போனால் பார்ப்பவரின் இணைய அளவுதான் செலவாகும். ஒட்டிய பின் அளவை மாற்றத் தோன்றினால் திரும்ப ஃப்ளிக்கருக்குப் போக வேண்டியதில்லை. படக்கோப்பின் முகவரியில் ‘.ஜேபிஜி’ என்பதற்கு முன், அடிக்கோட்டை அடுத்து ஓர் ஆங்கில எழுத்து இருக்கும்: ‘இசட்’ (z) என்றால் 640, ‘சி’ (c) என்றால் 800, ‘பி’ (b) என்றால் 1024. அந்த எழுத்தையும், பக்கத்திலுள்ள அகல உயர எண்களையும் மாற்றினால் வேலை முடிந்தது. இந்தக் குறுக்குவழி 1024 வரைதான். அதைவிடப் பெரிய அளவுகளின் முகவரியில் வேறு பகுதிகளும் மாறிவிடுகின்றன.

இனி பக்கப்பட்டை. ஒவ்வொரு ஃப்ளிக்கர் கணக்கின் பொதுப் படங்களுக்கும் ஒரு செய்தியோடை (ஃபீட்), அதாவது புதியவற்றைத் தாமாகத் தரும் பட்டியல், உண்டு. அண்மையில் ஏற்றிய 20 படங்கள் அதில் வரும். ஆனால் அந்த ஓடையை பிளாக்கரின் ஃபீட் கேட்ஜெட்டில் (பக்கப்பட்டையில் சேர்க்கும் சிறு பெட்டியில்) கொடுத்தால் படங்களின் தலைப்புகள் மட்டுமே வரிசையாகத் தெரியும், படங்கள் வாரா. வேர்ட்பிரஸில் ஜெட்பேக் நீட்சியை நிறுவியிருப்பவர்களுக்கு அதிலேயே ஃப்ளிக்கருக்கான விட்ஜெட் இருக்கிறது. பிளாக்கரில் இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது வேறு: ஃப்ளிக்கரில் இதற்கென ஓர் ஆல்பத்தை உருவாக்கி, அந்த ஆல்பத்தின் எம்பெட் நிரலைச் சிறிய அளவில் எடுத்து, எச்டிஎம்எல் கேட்ஜெட்டில் ஒட்டிவிடுங்கள். அம்புக்குறியை அழுத்தி ஒவ்வொன்றாகப் பார்க்கும்படி படங்கள் அமையும். அதன்பின் ஆல்பத்தில் சேர்ப்பதெல்லாம் பக்கப்பட்டைக்கும் வந்துவிடும். எது வர வேண்டும் என்பதும் உங்கள் கையில் இருக்கும். இங்கே ஸ்கிரிப்ட் வரியை நீக்கினால் அட்டைப்படம் மட்டுமே மிஞ்சும். வேர்ட்பிரஸ்.காமின் இலவசக் கணக்குகளில் ஸ்கிரிப்ட் வரிகளை அத்தளமே களைந்துவிடுவதால் அங்கு இம்முறை பலிக்காது.

இவ்வளவும் செய்யும்போது ஒன்றை மறக்க வேண்டாம். இப்படிக் காட்டப்படும் படம் உங்கள் வலைப்பதிவில் இல்லை. ஒவ்வொரு முறை பக்கம் திறக்கும்போதும் அது ஃப்ளிக்கரிலிருந்து வந்து போகிறது. 2017-இல் போட்டோபக்கெட் நிறுவனம் வெளித்தளங்களில் படம் காட்டும் வசதியை ஆண்டுக்கு ஏறக்குறைய 400 டாலர் கட்டுவோருக்கு மட்டும் என்று மாற்றியபோது, எண்ணற்ற பழைய இடுகைகளில் படங்கள் இருந்த இடத்தில் அறிவிப்புப் பலகை போன்ற ஒன்றே மிஞ்சியது. ஃப்ளிக்கரும் 2018-இல் ஸ்மக்மக் நிறுவனத்தின் கைக்குப் போனபின், இலவசக் கணக்குகளுக்கு 1,000 படங்கள் என வரம்பு வைத்தது. ஆகவே படம் இல்லாவிட்டால் பொருளே விளங்காத இடுகைகளுக்கு, அதாவது செய்முறை விளக்கம், ஒப்பீடு போன்றவற்றுக்கு, சோம்பல் பாராமல் படத்தை வலைப்பதிவிலேயே பதிவேற்றுங்கள். போனாலும் பாதகமில்லாத அழகுப் படங்களுக்கும் நீண்ட ஆல்பங்களுக்கும் எம்பெட் முறை ஏற்றது. மூலக்கோப்புகள் எப்படியும் உங்கள் கணினியிலோ தனி வட்டிலோ இருக்க வேண்டும். இலவசக் கணக்கிலுள்ள படங்களின் பெரிய அளவுகளைத் தரவிறக்குவதற்கும் 2025-இல் கட்டுப்பாடு வந்துவிட்டது.

ஃப்ளிக்கரில் ஒரு படத்தை அழித்தால் அது வலைப்பதிவிலிருந்தும் மறையும் என்பது வெளிப்படை. ஆனால் அதைத் தனிப்பட்டது என்று மாற்றிவிட்டால் மட்டும் மறைந்துவிடும் என்று நம்ப வேண்டாம். படக்கோப்பின் நேர்முகவரி தெரிந்த எவருக்கும் அது திறக்கக்கூடும். அதோடு, உங்கள் வாசகர் படத்தைச் சொடுக்கியதும் ஃப்ளிக்கர் பக்கத்துக்குப் போகிறார் அல்லவா? படம் எடுத்த இடம் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருந்தால் அதையும் அங்கே காண்பார். வீட்டில் எடுத்த படங்களென்றால், எம்பெட் செய்யும் முன் ஃப்ளிக்கரின் தனியுரிமை அமைப்புகளில் இருப்பிடத்தை யார் பார்க்கலாம் என்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு தளங்களில் நிலைமை ஒரே மாதிரி இல்லை. இன்ஸ்டாகிராமில் பொதுக் கணக்குகளின் பதிவுகளுக்கு எம்பெட் நிரல் கிடைக்கிறது. ஆனால் 2020 அக்டோபருக்குப் பிறகு வேர்ட்பிரஸில் முகவரியை மட்டும் ஒட்டினால் படம் வராது, நிரலையே ஒட்ட வேண்டும். கூகுள் போட்டோஸில் பகிர்வுச் சுட்டி உண்டே தவிர எம்பெட் நிரல் கிடையாது. படத்தின் மேல் வலச்சொடுக்கி முகவரியை எடுத்து ஒட்டும் வித்தையைச் சிலர் சொல்வார்கள். அந்த முகவரி நிலையானது அல்ல என்பதால் அதை நம்பி இடுகை எழுத வேண்டாம்.

பிறர் எடுத்த படத்தைக் காட்டுவதானால், எம்பெட் நிரல் கிடைக்கிறது என்பதையே அனுமதியாகக் கொள்ளாமல், படத்துக்குக் கீழே குறிப்பிட்டுள்ள உரிமத்தைப் பாருங்கள். சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்றால் எடுத்தவர் பெயர், உரிமத்தின் பெயர், படப்பக்கத்தின் சுட்டி ஆகிய மூன்றையும் படத்துக்குக் கீழே தாருங்கள். ‘அனைத்து உரிமைகளும் காப்புடையன’ என்றிருந்தால், ஃப்ளிக்கர் மடல் வழியாக எடுத்தவரிடமே கேட்டுவிடலாம்.