ஹூடினியைப் பற்றி நீங்கள் கேட்டவை

ஹாரி ஹூடினியின் வாழ்க்கை, வித்தை, மரணம் என எதைப் பற்றியும் கேட்கலாம் என்று அறிவித்திருந்தேன். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். ஒரு நிபந்தனை மட்டும். தண்ணீரையும் பூட்டையும் சேர்த்து "நான் எப்படிச் செய்வது?" என்று யார் கேட்டாலும் வழி சொல்ல மாட்டேன்.

கரூர் வாசகி: ஹூடினி பிறப்பால் அமெரிக்கரா?

இல்லைங்க. 1874 மார்ச் 24 அன்று ஹங்கேரியின் புடாபெஸ்டில் பிறந்தவர். இயற்பெயர் எரிக் வைஸ். அப்பா யூத மதகுரு. 1878-ல் குடும்பம் அமெரிக்காவுக்கு, விஸ்கான்சின் மாநிலத்து ஆப்பிள்டன் ஊருக்கு வந்தது. பின்னாளில் ஆப்பிள்டனிலேயே பிறந்ததாகப் பேட்டிகளில் சொல்லிக்கொண்டார். அங்கிருந்து மில்வாக்கி, பிறகு நியூயார்க் என்று வறுமை கூடவே வந்தது. கழுத்துப்பட்டை தைக்கும் கம்பெனியில் துணி வெட்டும் வேலை பார்த்தார். ராபர்ட்-ஹூடின் என்ற பிரெஞ்சு வித்தைக்காரர் மீதிருந்த பக்தியில்தான் மேடைப்பெயரை வைத்துக்கொண்டார். அதே மனிதரை 1908-ல் ஒரு புத்தகம் முழுக்கக் கிழித்தெறிந்தார். அந்தப் புத்தகத்தில் நியாயத்தைவிடக் கோபம்தான் அதிகம் என்பது என் கருத்து.

புதுக்கோட்டை மாணவன்: சார், தண்ணீர்த் தொட்டியில் தலைகீழாகத் தொங்கும்போது மூச்சு முட்டித்தானே இறந்தார்?

இல்லை தம்பி. 1953-ல் வந்த ஹாலிவுட் படம் அப்படிக் காட்டியதால் பரவிய கதை இது. நடந்ததைச் சொல்கிறேன்.

1926 அக்டோபரில் ஆல்பனி நகரில் அந்தத் தொட்டி வித்தைக்குத் தயாராகும்போது கணுக்கால் எலும்பு முறிந்தது. முறிந்த காலோடு மாண்ட்ரியல் போனார். அக்டோபர் 22 அன்று அரங்கின் ஒப்பனை அறையில் சோபாவில் சாய்ந்திருந்தார். ஒரு மாணவர் அவரைப் படம் வரைந்துகொண்டிருந்தார். அப்போது வந்த ஒயிட்ஹெட் என்ற இன்னொரு மாணவர், "வயிற்றில் எவ்வளவு பலமாகக் குத்தினாலும் தாங்குவீர்களாமே?" என்று கேட்டு, அவர் வயிற்றை இறுக்கிக்கொள்ளும் முன்பே பலமுறை குத்திவிட்டார். வலியோடு ரயிலேறி டெட்ராய்ட் போய், 24-ம் தேதி கடும் காய்ச்சலில் மேடையேறினார். மருத்துவமனையில் வயிற்றைத் திறந்தபோது குடல்வால் வெடித்து, சீழ் வயிறு முழுக்கப் பரவியிருந்தது. ஆன்டிபயாடிக் இல்லாத காலம். அக்டோபர் 31 அன்று, 52 வயதில் போய்ச் சேர்ந்தார்.

குத்தினால் குடல்வால் வெடிக்குமா என்று மருத்துவர்கள் இன்றும் சந்தேகிக்கிறார்கள். ஏற்கெனவே குடல்வாலில் அழற்சி இருந்திருக்க வேண்டும், அந்த வலியைக் குத்தின் வலி என்று நினைத்து மருத்துவரிடம் போகாமல் தள்ளிப்போட்டதே உயிரைப் பறித்தது என்றுதான் நான் நினைக்கிறேன். காப்பீட்டு நிறுவனம் அதை விபத்தாக ஏற்று இரட்டிப்புத் தொகை கொடுத்தது.

மதுரைக்காரன்: சீட்டு வித்தை செய்துகொண்டிருந்தவர் உலகப் புகழ் பெற்றது எப்படி?

1899-ல் மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரில் மார்ட்டின் பெக் என்ற நாடக அரங்க முதலாளி கண்ணில் பட்டார். மற்றதை எல்லாம் விட்டுவிட்டுக் கைவிலங்கை மட்டும் பிடித்துக்கொள் என்றார் பெக். அடுத்த வருடம் லண்டன். பிறகு ஒவ்வொரு ஊரிலும் இறங்கியதும் நேரே காவல் நிலையம்தான். அவர்கள் விலங்கைப் பூட்டச் சொல்லி, அவர்கள் முன்பே கழற்றுவார். மறுநாள் பத்திரிகையில் செய்தி, அன்று மாலை அரங்கு நிறையும். ஜெர்மனியில் ஒரு போலீஸ்காரர் அவரை மோசடிக்காரர் என்று சொன்னபோது கொலோன் நீதிமன்றத்துக்கு இழுத்து ஜெயித்தார்.

ஈரோடு ரசிகை: பால் கேன் வித்தையின் ரகசியத்தைச் சொல்வீர்களா? தொட்டி ரகசியமும் வேண்டும்.

பால் கேன் ரகசியம் பல பத்தாண்டுகளாக வெளியே இருப்பதால் சொல்கிறேன். 1908 ஜனவரியில் செயின்ட் லூயிஸ் நகரில் முதலில் செய்தார். ஆள் உட்காரும் அளவு இரும்புக் கேன், விளிம்புவரை தண்ணீர், உள்ளே ஹூடினி, மேலே மூடி, சுற்றிலும் ஆறு பூட்டு. பார்வையாளர்கள் மேடையேறித் தட்டிப் பார்ப்பார்கள், பூட்டை இழுத்துப் பார்ப்பார்கள். எல்லாம் அசல் பூட்டு. ஆனால் கேனின் கழுத்தை உடலோடு இணைத்த மாதிரித் தெரியும் ஆணிகள் வெறும் ஆணித்தலைகள். கழுத்து உடல்மேல் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். வழுவழுப்பான சரிவு என்பதால் வெளியிலிருந்து யாராலும் பிடித்துத் தூக்க முடியாது. உள்ளே இருப்பவர் உந்தினால் பூட்டோடு சேர்ந்து மேல்பகுதி கிளம்பிவிடும். திரும்பப் பொருத்தினால் ஒரு பூட்டும் கலையாது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. உடல் மடங்கிய நிலையில், இருட்டில், மூச்சை அடக்கி, பதறாமல் அந்த ஒரு உந்தலைச் சரியாகச் செய்ய வேண்டும். அதற்காக வீட்டில் பெரிய குளியல் தொட்டி கட்டிப் பழகினார்.

தொட்டி ரகசியத்தைச் சொல்ல மாட்டேன். அந்த வித்தையை இன்னும் மேடையில் செய்து பிழைப்பவர்கள் இருக்கிறார்கள்.

திண்டுக்கல் பூட்டுக்காரர் பேரன்: ஐயா, 1904 லண்டன் 'மிரர்' கைவிலங்குச் சவாலில் மனைவி முத்தம் கொடுக்கும்போது வாயில் சாவியைத் தள்ளினார் என்று படித்தேன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பூட்டுச் செய்கிறது. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

உங்கள் சந்தேகம் சரி. அந்த விலங்கின் சாவி ஏறக்குறைய ஆறு அங்குலம். முத்தத்தில் அது போகாது.

மற்றவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பர்மிங்ஹாமைச் சேர்ந்த நதானியேல் ஹார்ட் என்ற பூட்டுத் தொழிலாளி ஐந்து வருடம் உழைத்துச் செய்த விலங்கு என்று 'டெய்லி இல்லஸ்ட்ரேட்டட் மிரர்' பத்திரிகை சவால் விட்டது. மார்ச் 17, ஹிப்போட்ரோம் அரங்கில் சுமார் 4,000 பேர். ஹூடினி சின்ன திரைக்கூண்டுக்குள் மண்டியிட்டார். முதலில் வெளிச்சத்தில் பூட்டைப் பார்க்க வெளியே வந்தார். பிறகு முழங்காலுக்கு ஒரு மெத்தை கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்றாவது முறை, கோட்டைக் கழற்ற விலங்கை ஒரு நிமிடம் எடுங்கள் என்றார். பத்திரிகைக்காரர் மறுத்தார். உடனே பேனாக்கத்தியைப் பல்லால் திறந்து, கோட்டைத் தலைக்குமேல் இழுத்துப் போட்டுத் துண்டு துண்டாகக் கிழித்தார். அரங்கம் எழுந்து கத்தியது. 1 மணி 10 நிமிடத்தில் விடுபட்டு வந்து தேம்பி அழுதார்.

திண்டுக்கல் பூட்டுக்காரர் பேரன்: அப்படியானால் கம்பியால்தான் திறந்திருப்பார். மாங்காய்ப் பூட்டை என் தாத்தா கம்பியால் திறந்து நான் பார்த்திருக்கிறேன்.

தாத்தாவின் கைக்கு என் வணக்கம். ஆனால் இது ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பிராமா வகைப் பூட்டு, கம்பிக்கு எளிதில் மசியாத ஆங்கிலேயப் பூட்டு. கை இரண்டும் கட்டுண்ட நிலையில் கம்பியால் திறப்பது மிகக் கடினம்.

கோவை ரசிகன்: அண்ணா, சுற்றி வளைக்காதீர்கள். எல்லாம் செட்டப் என்கிறீர்களா? அப்படியென்றால் அவர் ஏமாற்றுக்காரர்தானே!

செட்டப் என்றுதான் நான் நினைக்கிறேன். அந்தப் பத்திரிகை தொடங்கியே சில மாதம்தான் ஆகியிருந்தது, அதற்குப் பரபரப்புத் தேவைப்பட்டது. ஹூடினிக்கும் தேவைப்பட்டது. விலங்கைச் செய்ய ஏற்பாடு செய்ததே அவர்தான் என்பது என் ஊகம். ஆவணச் சான்று கிடையாது.

"ஏமாற்றுக்காரர்" என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். பூட்டிலிருந்து விடுபடும் வித்தைகளுக்குத் தெய்வசக்திதான் காரணம் என்று அவர் சொன்னதில்லை. டிக்கெட் வாங்கியவர்களுக்கு வாழ்நாள் முழுக்க மறக்காத ஒரு மாலையைக் கொடுத்தார். கோட்டைக் கிழிப்பதற்கு எந்த நிமிடம் சரி என்று தெரிந்திருந்ததே, அதுதான் கலை.

திண்டுக்கல் பூட்டுக்காரர் பேரன்: கலை சரி. பூட்டுச் செய்த ஹார்ட்டின் உழைப்பு என்ன ஆனது? பேர் எல்லாம் இவருக்குத்தானே?

இந்தக் கேள்விக்கு என்னிடம் மறுப்பே இல்லை. அந்த விலங்கின் வேலைப்பாட்டைப் பற்றி எழுத உங்களைப் போன்றவர்கள்தான் முன்வர வேண்டும்.

நாகர்கோவில் வாசகன்: தண்ணீர்த் தொட்டியில் இறந்தபோது மனைவி பக்கத்தில் இருந்தாரா?

தொட்டியில் இறக்கவில்லை. மேலே புதுக்கோட்டை மாணவனுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

திருச்சி அம்மா: ஆவிகளை அவர் நம்பினாரா? ஷெர்லாக் ஹோம்ஸ் எழுதியவரோடு சண்டை என்கிறார்களே.

நம்ப ஆசைப்பட்டார் அம்மா. 1913-ல் தாயை இழந்த துக்கம் கடைசிவரை ஆறவில்லை. கோனன் டாயில் ஆவிகளை முழுமனதாக நம்பியவர், நல்ல நண்பரும்கூட. 1922 ஜூனில் அட்லாண்டிக் சிட்டி ஓட்டலில் டாயிலின் மனைவி, ஹூடினியின் தாய் ஆவியாக வந்து எழுதுவதாகப் பக்கம் பக்கமாக எழுதினார். தலைப்பில் சிலுவைக்குறி. எழுதியது ஆங்கிலம். தாயோ யூத மதகுருவின் மனைவி, ஆங்கிலம் சரியாகத் தெரியாதவர். அது தாயின் பிறந்தநாளை ஒட்டிய நாள், அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அங்கே ஹூடினி மௌனமாக இருந்தார். பின்னர் வெளிப்படையாக மறுத்தார், நட்பு முறிந்தது.

அதன்பிறகு, ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லும் போலி மீடியங்களைத் துரத்தினார். 1924-ல் பாஸ்டனில் 'மார்ஜரி' என்ற பெண்மணியைச் சோதிக்கப் போன அன்று, பகல் முழுக்க முழங்காலுக்குக் கீழே ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டியிருந்தார். தோல் வீங்கி, தொட்டாலே கூசும் நிலை. இருட்டறையில் அருகே உட்கார்ந்தபோது, அந்த அம்மையாரின் கணுக்கால் மெல்ல நகர்ந்து மணிப்பெட்டியை (அழுத்தினால் மணி அடிக்கும், ஆவி அடித்ததாகச் சொல்வார்கள்) அழுத்தப் போவது அவருக்குத் தெரிந்துவிட்டது. இழவு வீட்டுக் கண்ணீரைக் காசாக்குகிறவர்கள்மேல் அவருக்கு இருந்த கோபம் எனக்கும் உண்டு.

பெயர் வேண்டாம், வயது 17: கையைக் கட்டிக்கொண்டு எங்கள் கிணற்றில் குதித்துப் பழகலாமா? நீச்சல் நன்றாகத் தெரியும்.

கூடாது. நீச்சல் தெரிந்தவர்கள்தான் செத்திருக்கிறார்கள். 1930-ல் ஜெனஸ்டா என்ற வித்தைக்காரர் அமெரிக்காவில் இதே பால் கேனில் இறந்தார். பயணத்தில் கேன் நசுங்கியிருந்ததாகச் சொல்வார்கள். 2019 ஜூனில் கொல்கத்தாவின் சஞ்சல் லாஹிரி விலங்கோடு ஹூக்ளி ஆற்றில் இறங்கினார், உடல்தான் கிடைத்தது. இறங்குவதற்குமுன் வேகவேகமாக மூச்சிழுப்பது இன்னும் ஆபத்து. மூச்சுவிடத் தூண்டும் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடும், எச்சரிக்கையே இல்லாமல் மயக்கம் வரும். ஹூடினியே கலிபோர்னியாவில் மண்ணுக்குள் புதைந்து வெளிவர முயன்று, மயங்கிய நிலையில் உதவியாளர்கள் இழுத்தெடுத்துத்தான் பிழைத்தார். கயிறு முடிச்சைத் தரையில் பழகு தம்பி. வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

சென்னை வாசகி: பி. சி. சர்க்கார் பெரியவரா, ஹூடினி பெரியவரா?

சர்க்காரைப் பற்றி வங்காள மேஜிக் வரலாறு தெரிந்தவரிடம் கேளுங்கள்.

தேனி ரசிகன்: தொட்டியில் செத்தார் என்று என் வாத்தியாரே சொன்னாரே?

டெட்ராய்ட் மருத்துவமனையில், குடல்வால் வெடித்து. வாத்தியாரிடமும் சொல்லிவிடுங்கள்.

ராமநாதபுரம் வாசகன்: அந்தத் தொட்டி இப்போது எங்கே?

கருவிகள் ஹூடினியின் தம்பி ஹார்டீனுக்குப் போயின. அவர் 1945-ல் இறந்தார். பிறகு நயாகரா அருங்காட்சியகத்தில் இருந்த தொட்டி 1995 தீ விபத்தில் எரிந்து உலோகச் சட்டம் மட்டும் மிஞ்சியது. அதைப் புதுப்பித்தார்கள். இப்போது வித்தைக்காரர் டேவிட் காப்பர்ஃபீல்டின் சேகரிப்பில் இருக்கிறது. ஹூடினியின் புத்தகங்கள் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன.