தரையில் சாப்பிடும் வீட்டுக்கு எந்த ஹை சேர்?

கேள்வி: மகளுக்கு ஆறு மாதம் முடிந்து பருப்பு சாதம் கொடுக்க ஆரம்பித்திருக்கிறோம். அத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தபடி ஊட்டுகிறார். ஹை சேர் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். புதுச்சேரி நேரு வீதியில் சக்கரமும் குஷனும் வைத்த ஒன்றைப் பார்த்தோம். நாத்தனார் வீட்டில் பழைய பிளாஸ்டிக் சேர் ஒன்று சும்மா கிடக்கிறது. நாங்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். எதை எடுப்பது?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: முதலில் மகளைக் கவனியுங்கள், சேரைப் பிறகு பார்க்கலாம். ஆறு மாதத்தில் திட உணவு தொடங்கிவிடுகிறோம். ஆனால் உட்காரும் பக்குவம் சில குழந்தைகளுக்கு இன்னும் சில வாரம் கழித்துத்தான் வரும். பாயில் உட்கார வைத்து இடுப்பை மட்டும் லேசாகப் பிடித்துப் பாருங்கள். தலை ஆடாமல் நிற்க வேண்டும், உடம்பு பக்கவாட்டில் சரியக் கூடாது. சரிந்தால் இப்போதைக்கு மடியே போதும். 'சாய்கிற சேர்தானே, சாய்த்து வைத்து ஊட்டிவிடலாம்' என்று மட்டும் நினைக்காதீர்கள். சாய்ந்திருக்கும் குழந்தையின் வாயில் வைத்த உணவு தானாகவே பின்னால் வழுக்கிப் போகும். விழுங்கத் தயாராவதற்குள் தொண்டைக்குப் போனால் புரையேறும். நடந்துகொண்டே ஊட்டுவதிலும் இதே ஆபத்து இருக்கிறது. அத்தையிடம் சொல்லும்போது இந்தக் காரணத்தையே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

நீங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் என்பதுதான் கேள்வியில் முக்கியமான விவரம். மேசை உயரத்துக்குச் சேர் வாங்கினால் குழந்தை மேலே, மற்றவர்கள் கீழே என்றாகிவிடும். ஊட்டுகிறவர் நின்றுகொண்டே இருக்க வேண்டியிருக்கும். கால்களைக் கழற்றித் தாழ்வாகப் போட்டுக்கொள்ளும் சேர்கள் கடையில் கிடைக்கின்றன. உங்கள் வீட்டுக்கு அதுதான் சரி. சேர் தாழ்வாக இருந்தால் விழுந்தாலும் அடி குறைவு; குழந்தையும் எல்லோரோடும் ஒன்றாகச் சாப்பிடும்.

எந்தச் சேரானாலும் பெல்ட்டை முதலில் பாருங்கள். இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவில் ஒன்று என ஐந்து முனைகளில் பிடிக்கும் பெல்ட் வேண்டும். இடுப்பை மட்டும் சுற்றும் பெல்ட்டில் குழந்தை எழுந்து நின்றுவிடும். ஹை சேரிலிருந்து குழந்தைகள் விழுவது பெரும்பாலும் அப்படி எழுந்து நிற்கும்போதும் ஏறி இறங்கப் பார்க்கும்போதும்தான். ட்ரே இருக்கிறதே, எங்கே போய்விடும் என்ற தைரியம் வேண்டாம். ட்ரே தட்டு வைக்க இருக்கிறது, குழந்தையைப் பிடித்து நிறுத்த அல்ல. ட்ரேக்கு அடியில் கால்களுக்கு நடுவே அசையாத தடுப்புக் கட்டை இருந்தால் இன்னும் நல்லது, குழந்தை கீழே நழுவிக் கழுத்து மாட்டாது. பெல்ட்டைப் போட்டபின் உங்கள் இரண்டு விரல் நுழையும் இறுக்கம் போதும். பக்கிளை ஒரே கையால் அவிழ்க்க முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். அவசரத்தில் மறு கை குழந்தையைத் தாங்கியிருக்கும்.

அடுத்தது பாதப்பலகை. விலை அதிகமான சேர்களில்கூட இதைக் கவனிப்பவர்கள் குறைவு. கால் அந்தரத்தில் தொங்கினால் குழந்தை தன் உடம்பை நிமிர்த்தி வைப்பதிலேயே களைத்துவிடும். சரியும், நெளியும், பத்து நிமிடத்தில் அழும். நாம் அதைச் 'சாப்பாடு பிடிக்கவில்லை' என்று எடுத்துக்கொள்கிறோம். முழங்கால் மடங்கி, பாதம் முழுதும் பலகையில் பதிய வேண்டும். பலகையின் உயரத்தை மாற்ற முடிந்தால் மூன்று வயது வரை ஓடும். ட்ரேயும் குழந்தையின் முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். தோள் வரை ஏறியிருந்தால் கையை உயர்த்தியே சாப்பிடும்.

நீங்கள் பார்த்த சக்கரச் சேரைப் பற்றி: டைல்ஸ் தரையில் சக்கரம் எனக்குப் பிடிக்காது. வாங்கியே ஆக வேண்டுமென்றால் எல்லாச் சக்கரத்துக்கும் பூட்டு இருக்க வேண்டும். சக்கரம் இல்லாத சேரானால் நான்கு காலும் இருக்கையைவிட அகலமாக விரிந்து நிற்கிறதா, அடியில் ரப்பர் புஷ் இருக்கிறதா என்று பாருங்கள். சேரை எங்கே போடுகிறீர்கள் என்பதும் முக்கியம். சுவரிலோ மேசையிலோ கால் எட்டினால் குழந்தை உதைக்கும். சேர் பின்னால் சாயும். எட்டாத தூரத்தில் போடுங்கள். கை எட்டும் இடத்தில் சூடான ரசக் கிண்ணமோ ஜன்னல் திரைக் கயிறோ இருக்கக் கூடாது.

குஷன் நம் ஊருக்கு ஒத்துவராது. கடல் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஃபோம் காயாமல் பூஞ்சை பிடிக்கும். ரெக்ஸின் தையலுக்குள் நெய்ச் சோறு போய் உட்கார்ந்தால் மறுநாள் எறும்பு வரிசை. துடைத்தால் போகும் வெறும் பிளாஸ்டிக் இருக்கையே வசதி. இரும்புக் குழாய்ச் சேரில் பெயின்ட் உரிந்த இடமும் ஸ்க்ரூ மாட்டிய ஓட்டையும்தான் முதலில் துருப்பிடிக்கும். ஸ்க்ரூக்களை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மாற்றிவிட்டால் கவலை குறையும். கழுவிய சேரை மொட்டை மாடி வெயிலில் நாள்கணக்கில் விடாதீர்கள், பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்கும். நிழலில் காயட்டும்.

நாத்தனார் வீட்டுச் சேரை வேண்டாம் என்று ஒதுக்குவதற்கு முன் ஒரு தடவை சோதியுங்கள். இருக்கையின் அடிப்பக்கத்தில், கால் செருகும் குழியைச் சுற்றி, மயிரிழை போல வெள்ளைக் கோடு தெரிந்தால் அங்கே பிளாஸ்டிக் விரிசல் விடுகிறது; அந்தச் சேர் வேண்டாம். பக்கிளைப் பூட்டி இழுத்துப் பாருங்கள். பழைய பக்கிளில் காய்ந்த சோறு அடைத்து, பொத்தான் அழுத்தினால் திரும்பி எழாமல் கிடக்கும். வெந்நீரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் பல சமயம் சரியாகிவிடும். ஆகவில்லை என்றால், அல்லது பெல்ட்டின் நாடா நைந்திருந்தால், சேரையே விட்டுவிடுங்கள். வேறு நாடாவைத் தைத்து ஒட்டுப்போட வேண்டாம். மடக்கும் சேரானால் மடிப்புப் பூட்டு 'டக்' என்று விழுந்து நிற்கிறதா, விரல் நசுங்கும் இடுக்கு உண்டா என்றும் பாருங்கள்.

புதிதாக வாங்கும்போது பெட்டியில் ஈ.என். 14988 அல்லது ஏ.எஸ்.டி.எம். எஃப்404 என்று போட்டிருந்தால், அவை ஹை சேருக்கென்றே வகுத்த ஐரோப்பிய, அமெரிக்கத் தர விதிகள். எத்தனை கிலோ வரை தாங்கும் என்பதையும் பெட்டியில் படித்துவிடுங்கள்.

சேரில் உட்கார்ந்தபின் குழந்தையை விட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள். தொண்டையில் அடைத்தால் பெரும்பாலும் சத்தமே வராது. வேர்க்கடலை, முழு திராட்சை, பச்சை கேரட், முழு கொண்டைக்கடலைச் சுண்டல் எதுவும் ட்ரேக்கு வரக் கூடாது. குழந்தை இருமினால் இருமவிடுங்கள், வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள். அழ முடியாமல், மூச்சு விட முடியாமல் திணறினால் உடனே பெல்ட்டை அவிழ்த்து, முன்கையில் குப்புறக் கிடத்தி, தலையைத் தாழ்த்திப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 முறை தட்டுங்கள். வெளியே வரவில்லை என்றால் மல்லாத்தி மார்பின் நடுவில் 5 முறை அழுத்துங்கள். அடைப்பு விலகும் வரை இரண்டையும் மாறி மாறிச் செய்ய வேண்டும். அதற்குள் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். அத்தைக்கும் இதைச் செய்து காட்டி வையுங்கள். பகலில் குழந்தையோடு இருப்பவர் அவர்தானே.