நரம்புறைக் கட்டியா, வேறா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மூளை நரம்புகளின் உறையில் முளைக்கும் கட்டிகளைப் பற்றி வந்த கடிதங்களுக்கு நரம்பறுவை, கதிரியல், திசு நோயியல் மருத்துவர்கள் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

கேள்வி: என் மாமனாருக்கு வயது 58. ஒரு வருடமாக வலது காதில் இரைச்சல். அந்தக் காதில் போனை வைத்தால் சத்தம் கேட்கிறது, வார்த்தை புரியவில்லை என்கிறார். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘வெஸ்டிபுலர் ஷ்வானோமா அல்லது மெனிஞ்சியோமா’ என்று இரண்டு பெயர் போட்டிருக்கிறார்கள். இது புற்றுநோயா? ஏன் ஒன்றை உறுதியாகச் சொல்லவில்லை?
– வாசகி, ஈரோடு

பதில்: இரண்டில் எதுவானாலும் பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

மூளையிலிருந்து புறப்படும் 12 ஜோடி நரம்புகளில் மோப்ப நரம்பும் பார்வை நரம்பும் தவிர மற்ற பத்துக்கும் ஷ்வான் செல்கள்தான் உறை. அந்தச் செல்களில் எழும் கட்டி ஷ்வானோமா. காதுக்குப் போகும் எட்டாவது நரம்பில்தான் இது மிக அதிகம். மெனிஞ்சியோமா மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் வருவது. இரண்டும் காது நரம்பு மூளையோடு சேரும் அதே மூலையில் உட்கார்ந்து, கான்ட்ராஸ்ட் ஊசி போட்டதும் வெள்ளையாக ஒளிரும். அதனால்தான் இரண்டு பெயர்.

பிரித்தறியச் சில தடயங்கள் உண்டு. ஷ்வானோமா காது எலும்புக் குழாயின் வாயை மையமாக வைத்து வளரும். குழாயை உள்ளிருந்து விரிக்கும். படத்தில் கோன் ஐஸ்கிரீம் போலத் தெரியும், கோன் பகுதி குழாய்க்குள் இருக்கும். மெனிஞ்சியோமா எலும்பின் மேல் அகலமாகப் படுத்திருக்கும். ஓரத்தில் சவ்வோடு வால் போல நீளும். அடியில் எலும்பு தடித்திருக்கலாம், கட்டிக்குள் சுண்ணாம்பு படிந்திருக்கலாம். எலும்பையும் சுண்ணாம்பையும் பார்க்க எம்.ஆர்.ஐ.யைவிட சி.டி. மேல். இன்னொரு தடயத்தைப் பலர் கவனிப்பதில்லை: ரத்தக் கசிவைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. படத்தில் ஷ்வானோமாவுக்குள் கரும்புள்ளிகள் தெரிவதுண்டு. மெனிஞ்சியோமாவில் அது அரிது.

சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை என்று நீங்கள் எழுதியது முக்கியமான குறிப்பு. ஆடியோகிராமில் (கேட்கும் திறன் வரைபடத்தில்) காட்டும் இழப்பைவிடச் சொல் புரிதல் மோசமாக இருந்தால் பழுது நரம்பில் இருக்கலாம். ஆகவே ‘ஸ்பீச் டெஸ்ட்’டையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். காதில் ஒலி கொடுத்து நரம்பின் மின்னலைகளைப் பதியும் பேரா சோதனை நார்மல் என்றால் கட்டி இல்லை என்று எண்ண வேண்டாம், 1 செ.மீ.க்குக் குறைந்த கட்டிகளை அது தவறவிடலாம்.

கேள்வி: ஆறு மாதமாக என் அக்காவுக்கு இடது கன்னம் மரத்திருக்கிறது. பல் கோளாறு என்று இரண்டு கடைவாய்ப் பல்லை எடுத்தும் சரியாகவில்லை. சாதாரண மூளை எம்.ஆர்.ஐ. ‘நார்மல்’.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: முக நரம்புவலி நொடிகள் நீடிக்கும் மின் அதிர்ச்சி போன்றது, இடைவிடாத மரப்பு அதன் இயல்பு அல்ல. மரப்பு நீடித்தால் முகத்தின் உணர்வைக் கொண்டுசெல்லும் ஐந்தாவது நரம்பில் கட்டி இருக்கிறதா என்று தேட வேண்டும். ஷ்வானோமாவில் எட்டாவது நரம்புக்கு அடுத்த இடம் இதற்குத்தான், ஆனாலும் மிக அரிது.

சாதாரண மூளை எம்.ஆர்.ஐ. சுமார் 5 மி.மீ. தடிமனில் வெட்டும். 3, 4 மி.மீ. கட்டி இரண்டு வெட்டுக்கு நடுவே நழுவிவிடும். சீட்டில் இப்படி எழுதித் தரச் சொல்லுங்கள்: ஐந்தாவது நரம்புக்கான எம்.ஆர்.ஐ., 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய டி2 வெட்டுகள், கொழுப்பை மறைத்துக் கான்ட்ராஸ்டுடன் படங்கள், நரம்பு தொடங்கும் இடத்திலிருந்து தாடை வரை. தாடை வரை என்பதை விடாதீர்கள். தோல், உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய்கள் நரம்பு வழியே மேலே ஏறி ஷ்வானோமா போலவே தெரியும். முகத்திலோ வாயிலோ முன்பு கட்டி, மச்சம் எதையாவது அகற்றியிருந்தால், பத்து வருடம் ஆகியிருந்தாலும் சொல்லிவிடுங்கள். சர்க்கரை நோயோ கிட்னிக் கோளாறோ இருந்தால் ஊசிக்கு முன் கிரியேட்டினின் பார்க்க வேண்டும்.

பரிசோதனை அறையில் செய்யக்கூடியவை மூன்று: பஞ்சு நுனியால் கருவிழி ஓரத்தைத் தொட்டால் இமை மூடுகிறதா, பல்லைக் கடிக்கும்போது கன்னத் தசை இரு பக்கமும் சமமாக எழும்புகிறதா, வாயைத் திறந்தால் தாடை ஒரு பக்கம் கோணுகிறதா. தாடை கோணும் பக்கமே பலவீனமான பக்கம்.

கேள்வி: முகவாதம் வந்து ஐந்து மாதமாகியும் அப்பாவுக்கு வாய் நேராகவில்லை. காத்திருக்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். மூன்று மாதத்தில் கொஞ்சமும் தேறாத முகவாதத்துக்கும், மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும் முகவாதத்துக்கும் முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பு முழுவதையும் கான்ட்ராஸ்டுடன் படமெடுக்க வேண்டும். அங்கே ஷ்வானோமா போலத் தெரிந்தால் ‘துண்டு எடுத்துப் பார்த்துவிடுவோம்’ என்று அவசரப்படக் கூடாது. பயாப்ஸியே மிச்சமிருக்கும் முக அசைவையும் பறித்துவிடும். இந்த நரம்பில் பெரும்பாலும் படத்தை வைத்தே முடிவெடுக்கிறோம்.

கேள்வி: 17 வயதுத் தம்பி மகனுக்கு வலிப்பு வந்தது. பொட்டுப் பக்க மூளைக்குள் நீர்க்கோத்த கட்டி; முழுதாக எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் நடக்கும்போதே ‘பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா’ என்றார்கள். பத்து நாள் கழித்து ‘மூளைக்குள் ஷ்வானோமா’ என்கிறார்கள். அந்த இடத்தில் நரம்புறையே இல்லையே?
– வாசகர், சேலம்

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. மூளைத் திசுவுக்குள் ஷ்வான் செல் இருக்கக் கூடாது. ஆனாலும் 1966 முதல் இத்தகைய கட்டிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. பெரும்பாலும் இளவயதினருக்கு, வலிப்போடு. தலைக்குள் வரும் ஷ்வானோமாக்களில் நூற்றில் ஒன்றுகூட இந்த வகை இல்லை. ரத்தக் குழாயைச் சுற்றி ஓடும் நுண்ணிய நரம்பிழைகளில் பிறக்கிறது என்பது ஒரு விளக்கம். கருவில் இடம் தவறித் தங்கிய செல்களிலிருந்து வருகிறது என்பது இன்னொன்று. எதுவும் முடிவாகவில்லை.

முதலில் சொன்ன பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா மூளையின் தாங்கு செல்களில் எழும் கட்டி; அந்த ரிப்போர்ட் தவறியதில் வியப்பில்லை. நீர்ப்பை, அதன் ஓரத்தில் ஒளிரும் முடிச்சு என்று ஸ்கேனிலேயே இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆபரேஷனுக்கு நடுவே சதையை உறைய வைத்து அவசரமாகப் பார்க்கும் ஃப்ரோசன் ஸ்லைடிலும் அதே குழப்பம். ஷ்வானோமாவில் செல்கள் நெருக்கமாகக் கத்தை கட்டிய பகுதியும், தளர்ந்து நீர்த்த பகுதியும் மாறி மாறி வரும், பைலோசைட்டிக்கிலும் அப்படியே. போதாததற்கு, கட்டியைச் சுற்றித் தழும்பேறிய மூளைத் திசுவில், பைலோசைட்டிக்கின் அடையாளமாகக் கருதப்படும் ரோசெந்தால் இழைகள் இருக்கும். எடுத்த துண்டு அந்த ஓரத்திலிருந்து வந்திருந்தால் யாரும் ஏமாறுவார்கள்.

அடுத்த பொறி, திசுவில் உள்ள குறிப்பிட்ட புரதங்களைக் காட்டும் சாயச் சோதனை. ‘எஸ்-100 பாசிட்டிவ், ஆகவே ஷ்வானோமா’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதை ஏற்காதீர்கள். எஸ்-100, சாக்ஸ்-10 இரண்டும் ஆஸ்ட்ரோசைட்டோமாவிலும் ஏறும். ஜி.எஃப்.ஏ.பி. சில ஷ்வானோமாக்களிலும் ஏறும். தீர்ப்புச் சொல்பவை வேறு: ஷ்வானோமா என்றால் ரெட்டிகுலின் சாயமும் கொலாஜன்-4ம் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக வலை போட்டுச் சுற்ற வேண்டும், ஓலிக்-2 நெகட்டிவாக இருக்க வேண்டும். மெனிஞ்சியோமா என்ற ஐயம் இருந்தால் இ.எம்.ஏ., எஸ்.எஸ்.டி.ஆர்.2ஏ பார்க்க வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் முழுதாக எடுத்த கட்டிக்குக் கதிர்வீச்சோ கீமோவோ பொதுவாகத் தேவைப்படாது. படமெடுத்துக் கண்காணித்தால் போதும். ஒரு பிள்ளையின் மூளைக்குத் தேவையில்லாத கதிர்வீச்சைத் தவிர்க்கத்தான் இத்தனை சாயமும்.

கேள்வி: அம்மாவின் பயாப்ஸியில் ‘செல் உட்கருக்கள் ஒழுங்கற்றவை, மாலிக்னன்ட் நரம்புறைக் கட்டியை விலக்க வேண்டும்’ என்று இருக்கிறது. தூக்கமே இல்லை.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: ‘விலக்க வேண்டும்’ என்றால் ‘இருக்கிறது’ என்று பொருளில்லை. பல வருடமாக வளர்ந்த ஷ்வானோமாவில் செல்கள் முதுமையடைந்து, உட்கரு பெருத்துக் கோரமாகத் தெரியும். அதற்கு ‘ஏன்ஷியன்ட் ஷ்வானோமா’ என்றே பெயர். அது சாதுவான கட்டி. செல் பிளவு கிட்டத்தட்ட இருக்காது. எஸ்-100ம் சாக்ஸ்-10ம் கட்டி முழுவதும் பளிச்சென்று ஏறும். மாலிக்னன்ட் (புற்றுநோய்) வகையில் பிளவுகள் ஏராளம், திசு செத்த திட்டுகள் உண்டு, அந்தச் சாயங்கள் திட்டுத்திட்டாகவோ இல்லாமலோ போகும். எச்3கே27எம்இ3 என்ற சாயம் முற்றிலும் காணாமல் போனால் ஐயம் வலுக்கும். கேட்க வேண்டியது இந்தச் சோதனையைத்தான். அம்மாவுக்கு அந்த இடத்தில் முன்பு கதிர்வீச்சு தந்திருந்தாலோ, உடம்பில் காப்பி நிறத் திட்டுகளும் மருப் போன்ற முடிச்சுகளும் இருந்தாலோ மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

கேள்வி: 24 வயது மகளுக்கு இரண்டு காதிலும் கட்டி. குடும்பத்தில் யாருக்கும் இல்லை.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரு பக்கமும் என்றால் என்.எஃப்.2 மரபணுக் கோளாறு, வேறு என்று நிரூபணமாகும் வரை. ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குடும்ப வரலாறு இருக்காது. முழு முதுகுத்தண்டு எம்.ஆர்.ஐ., கண் பரிசோதனை, மரபணு ஆலோசனை மூன்றும் வேண்டும். ரத்தத்தில் நெகட்டிவ் வந்தால் முடிந்துவிட்டது என்று விடாதீர்கள். சிலருக்கு மாற்றம் உடலின் சில செல்களில் மட்டும் இருக்கும். கட்டித் திசுவில்தான் பிடிபடும்.

கேள்வி: இரண்டாவது கருத்துக்கு எதையெல்லாம் எடுத்துப் போக வேண்டும்?
– வாசகர், விழுப்புரம்

பதில்: ஃபிலிம் போதாது, படங்களை டைகாம் என்ற டிஜிட்டல் வடிவில் சி.டி. தட்டிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். கண்ணாடி ஸ்லைடுகளோடு, சதையைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கும் வேண்டும். புதிய சாயங்களைப் போட பிளாக்கிலிருந்துதான் வெட்ட முடியும். ஆபரேஷன் இன்னும் நடக்கவில்லை என்றால் முன்கூட்டியே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: சதை 10 சதவீத ஃபார்மலினில், சதையைப் போல் பத்து மடங்கு திரவத்தில், அகன்ற வாய் பாட்டிலில் போக வேண்டும். சலைனில் கிடந்தால் செல்கள் அழுகிவிடும். பிளாக்கை ஸ்லைடோடு சேர்த்துக் கட்டாமல் தனி டப்பாவில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காரின் முன்பலகையில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அந்த மெழுகு 60 டிகிரிக்குள் உருகிவிடும்.