முளைகளுக்கு விளக்கு போடலாமா? (வாசகர் கேள்வி பதில்)

வீட்டுக்குள்ளேயே தட்டில் மைக்ரோகிரீன்ஸ் (விதை முளைத்து முதல் இலைகள் விரிந்ததும் வெட்டிச் சாப்பிடும் இளந்தளிர்) வளர்ப்பது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வெளிச்சத்தைப் பற்றித்தான், அதனால் இந்த முறை முழுக்க அதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வெயில் எட்டிப்பார்க்காத அறையில் முள்ளங்கி, ப்ரோக்கோலி விதைகளைத் தட்டில் தூவி வளர்க்கிறேன். ராத்திரி பத்து மணி வரை டியூப்லைட் எரிகிறது. ஆனாலும் தண்டு நெடுநெடுவென்று வளர்ந்து சாய்கிறது, இலை வெளிறிப்போய்க் கிடக்கிறது. உரம் ஏதாவது போட வேண்டுமா?

உரம் வேண்டவே வேண்டாம். முதல் சில நாட்களுக்குத் தேவையான சாப்பாடு விதைக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் செடி இன்னும் மண்ணுக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இருட்டில் முளைக்கும் விதை கையிருப்பை எல்லாம் தண்டை நீட்டுவதிலேயே செலவழிக்கும். எப்படியாவது மேலே போய்ச் சேர வேண்டுமே! வித்திலைகளை (விதையிலிருந்து வரும் முதல் இலைகளை) மூடியே வைத்திருக்கும், கழுத்தைக் கொக்கி மாதிரி வளைத்துக்கொள்ளும், மண்ணை முட்டும்போது நுனியில் அடிபடாமல் இருக்க. பச்சையம் உண்டாகும் வேலையும் கடைசிக்கு முந்திய படியில் அப்படியே நின்றுவிடும், ஏனென்றால் அந்த ஒரு படிக்கு வெளிச்சம் கட்டாயம் வேண்டும். வெளிச்சம் பட்டதும் பைட்டோகுரோம், கிரிப்டோகுரோம் என்ற நிறமிப் புரதங்கள் அதைக் கண்டுகொண்டு மொத்த வேலைத்திட்டத்தையும் மாற்றிவிடுகின்றன. இருட்டில் வைத்த தட்டைக் காலையில் நல்ல வெளிச்சத்துக்கு மாற்றிவிட்டு மாலையில் போய்ப் பாருங்கள், வளைந்த கழுத்து நிமிர ஆரம்பித்திருக்கும், மஞ்சளாக இருந்த வித்திலை பிரிந்து பச்சை பிடித்திருக்கும்.

டியூப்லைட் எரிகிறதே என்கிறீர்கள். இங்கேதான் கண் நம்மை ஏமாற்றுகிறது. அறை பளிச்சென்று தெரிந்தாலும் தட்டு இருக்கும் இடத்தில் 100 முதல் 300 லக்ஸ்தான் இருக்கும் (லக்ஸ் என்பது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அளக்கும் அலகு). உச்சி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். செடி வளர்ப்பவர்கள் வெளிச்சத்தை லக்ஸில் அளப்பதில்லை, ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள் விழுகிறது என்று பார்ப்பார்கள். அந்தக் கணக்கில் உங்கள் அறைக்கு 2 முதல் 4 வரும், மைக்ரோகிரீன்ஸுக்கு வழக்கமாக 100 முதல் 300 வரை கொடுக்கிறார்கள். வெள்ளை எல்.இ.டி. என்றால் 10,000 லக்ஸ் கிட்டத்தட்ட 150 மைக்ரோமோல் என்று வைத்துக்கொள்ளலாம். செல்போனில் லக்ஸ் அளக்கும் ஆப் போட்டுப் பாருங்கள், துல்லியமாக இருக்காதுதான், ஆனால் முன்னூறுக்கும் பத்தாயிரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட அது போதும்.

விளக்கைக் கீழே இறக்குங்கள். சாதாரண 20 வாட் எல்.இ.டி. டியூப் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, செடிக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டால் பல ஆயிரம் லக்ஸ் கிடைத்துவிடும். குண்டு பல்பு மட்டும் வேண்டாம். அது முக்கால்வாசிக்கு மேல் சூட்டைத்தான் தரும், செடியை வாட்டும்.

தட்டில் செடி எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்கிறது என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். அது நீல ஒளியைத் தேடிப் போகும் சாய்வு. டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் புல் நாற்றின் நுனியை மூடிவைத்துப் பார்த்து, வெளிச்சத்தை உணர்வது நுனிதான் என்று 1880-லேயே எழுதிவிட்டார்கள். விளக்கு நேர் மேலே இருந்தால் சாயாது.

கேள்வி: சிவப்பும் நீலமும் கலந்த ஊதா விளக்கு போட்டால் சத்து இரட்டிப்பாகும் என்று விளம்பரம் செய்கிறார்களே, நிஜமா?

எந்தச் சத்து என்று திருப்பிக் கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே பேச்சை மாற்றிவிடுவார்கள்.

வெளிச்சத்தால் கூடுபவை இருக்கின்றன, மறுக்கவில்லை. வைட்டமின் சி கூடும். கரோட்டின் வகைகளும் வைட்டமின் கே-யும் பச்சையத்தோடு சேர்ந்தே வருபவை, அதனால் பச்சைத் தளிரில் இவை வெளிறிய முளையில் இருப்பதைவிட நன்றாகவே அதிகம். சிவப்பு முட்டைகோஸ், முள்ளங்கித் தண்டுகளில் ஊதா நிறம் கொடுக்கும் ஆந்தோசயனினுக்கு நீல ஒளி நல்ல தூண்டுதல், புற ஊதாக் கதிர் கொஞ்சம் பட்டாலும் ஏறும். ஏனென்றால் இந்த ஊதா நிறம் செடி தன்னைக் கூடுதல் ஒளியிலிருந்து காப்பாற்றிக்கொள்ளப் பூசும் பூச்சு. போதுமான வெளிச்சத்தில் நைட்ரேட் அளவு குறைவது இன்னொரு நல்ல காரியம்.

இனி கூடாதவை. இரும்பு, கால்சியம், துத்தநாகம் எந்த விளக்கிலிருந்தும் வராது, விதையிலும் ஊற்றும் தண்ணீரிலும் இருப்பதுதான். ப்ரோக்கோலி முளைக்குப் பேர் வாங்கிக்கொடுத்த குளுக்கோராபனின் என்ற கந்தகச் சேர்மத்தின் கதையும் இதேதான். மூன்று நாள் முளையில் அது முற்றிய ப்ரோக்கோலியில் இருப்பதைப்போல 10 முதல் 100 மடங்கு இருக்கும் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-இல் சொன்னார்கள். அந்தச் சரக்கு பெரும்பாலும் விதையிலேயே இருப்பது, செடி வளர வளர நீர்த்துப்போகும். அதை வைத்து விளக்கு விற்பது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான்.

அப்புறம் நிறம். பச்சையம் சிவப்பையும் நீலத்தையும்தான் அதிகம் உறிஞ்சும் என்பது சரி, அதிலிருந்துதான் ஊதா விளக்கு பிறந்தது. ஆனால் பச்சை ஒளியையும் இலை பெருமளவு பயன்படுத்திக்கொள்கிறது, இலைக்குள் ஆழமாகப் போவதும் அதுதான். சாதாரண வெள்ளை எல்.இ.டி.யின் உள்ளே இருப்பது சுமார் 450 நானோமீட்டர் நீல ஒளி தரும் சில்லுதான், மேலே பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பொடி அதில் ஒரு பகுதியை மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாற்றுகிறது. ஆக, உங்களுக்கு வேண்டிய நீலமும் சிவப்பும் அதிலேயே இருக்கின்றன. சிவப்பை மட்டும் போட்டால் தண்டு பெரும்பாலும் நீளும், நீலம் சேரும்போது குட்டையாகத் திடமாக நிற்கும். வெறும் நீலத்தை அள்ளிக் கொட்டினால் செடி குறுகி அறுவடை எடை குறையும். என்னைக் கேட்டால் வெள்ளையே போதும். அதில் பூசணம் பிடித்தாலோ இலை மஞ்சளானாலோ கண்ணுக்குத் தெரியும், ஊதா வெளிச்சத்தில் எல்லாம் ஒரே கறுப்பாகத் தெரியும்.

கேள்வி: 24 மணி நேரமும் எரியவிட்டால் சீக்கிரம் வளருமா?

12 முதல் 16 மணி நேரம் போதும். மிச்சம் மின்கட்டணம்.

கேள்வி: நான் பச்சைப்பயறை மூடிய டப்பாவில் இருட்டில்தான் முளைகட்டுகிறேன். அப்படியானால் இத்தனை நாள் சத்தில்லாததைத்தான் சாப்பிட்டேனா?

அய்யோ, அப்படியெல்லாம் இல்லை. காய்ந்த பயறு முளைக்கும்போது இருட்டிலேயே வைட்டமின் சி புதிதாக உருவாகிறது, ஃபோலேட் என்ற பி வைட்டமின் கூடுகிறது, இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும் பைட்டிக் அமிலம் குறைகிறது. இதற்கெல்லாம் விளக்கு தேவையில்லை. நூறு கிராம் பச்சைப்பயறு முளையில் 13 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி இருக்கும்.

'முளைகட்டினால் புரதம் பெருகும்' என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். காய்ந்த பயறில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 24 கிராம் புரதம், முளையில் வெறும் 3 கிராம், மீதி தண்ணீர். தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் சதவீதம் கொஞ்சம் ஏறினது மாதிரி தெரியும். முளை மூச்சுவிடும்போது மாவுச்சத்தை எரித்துத் தீர்த்துவிடுவதால் வரும் கணக்கு அது. இருட்டில் அது வெறும் செலவு, வரவே கிடையாது. வெளிச்சத்தில் பச்சை பிடித்து ஒளிச்சேர்க்கை தொடங்கினால்தான் வரவு.

பயறு முளையை வெளிச்சத்தில் விட்டால் பச்சை பிடிக்கும், லேசாகக் கசக்கும், நாரும் ஏறும். வெள்ளையாக, மொறுமொறுவென்று வேண்டுமென்றால் இருட்டே சரி. கடைசி நாளில் மட்டும் சில மணி நேரம் வெளிச்சம் காட்டுவது ஒரு நடுவழி, நான் அப்படித்தான் செய்கிறேன்.

கேள்வி: விளக்கு வெளிச்சத்தால் முளையில் வைட்டமின் டி வருமா?

வராது. நீங்கள் கேள்விப்பட்டது காளானைப் பற்றி. அதிலுள்ள எர்கோஸ்டெரால் புற ஊதாக் கதிர் பட்டால் வைட்டமின் டி2 ஆக மாறும்.

கேள்வி: வெளிச்சத்தில் வளர்த்தால் கிருமி இருக்காதுதானே?

இருக்கும். எல்.இ.டி. வெளிச்சம் கிருமியைக் கொல்லாது, ஈரமும் வெதுவெதுப்பும் முளைக்குப் பிடித்த மாதிரியே பாக்டீரியாவுக்கும் பிடிக்கும். 2011-இல் ஜெர்மனியில் வெந்தய முளை வழியாகப் பரவிய ஈ.கோலை பாக்டீரியா தொற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முளைப்பதற்கென்றே விற்கும் விதையை வாங்குங்கள், அடிக்கடி அலசித் தண்ணீரை முழுக்க வடியுங்கள், குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் வேகவைத்தே சாப்பிட வேண்டும். கிருமி கொல்லும் யு.வி.சி. (புற ஊதாக் கதிர்) விளக்கை வாங்கி மாட்டலாமா என்று யோசிக்காதீர்கள், கண்ணுக்கும் தோலுக்கும் கேடு.

கேள்வி: ரத்தம் உறையாமல் இருக்க அப்பா வார்ஃபரின் மாத்திரை எடுக்கிறார். மைக்ரோகிரீன்ஸ் தரலாமா?

மேலே சொன்ன வைட்டமின் கே இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். இன்றைக்கு ஒரு பிடி, நாளைக்கு ஒன்றுமில்லை, மறுநாள் ஒரு தட்டு என்று தருவதுதான் ஆபத்து. தினமும் ஒரே அளவு என்றால் சமாளிக்கலாம், ஆனால் தொடங்கும் முன்பே அவருடைய மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: தக்காளி, மிளகாய், கத்தரி விதை நிறைய இருக்கிறது. அதையும் இதேபோல் விளக்கில் வளர்த்துத் தளிராகச் சாப்பிடலாமா?

வேண்டாம். அந்தக் குடும்பத்து இளந்தளிர்களில் நச்சு ஆல்கலாய்டுகள் இருக்கும், எந்த நிற விளக்கு போட்டாலும் போகாது. நாற்றாக வளர்த்துத் தொட்டியில் நடுங்கள், காய்த்ததும் சாப்பிடலாம்.