பழைய மியூசிக்கல்களை (பாட்டும் நடனமுமாகக் கதை சொல்லும் மேடை நாடகங்களை) மறுபடி மேடையேற்றும்போது காசு கொடுத்துப் போய்ப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறதா? நீங்கள் பார்த்ததில் மனதில் நின்றது எது?

கட்டாயம் இருக்கிறது. எனக்கு அதைப் புரியவைத்தது 2019-ல் நியூயார்க்கின் சர்க்கிள் இன் தி ஸ்கொயர் தியேட்டரில் பார்த்த 'ஓக்லஹோமா!'. டேனியல் ஃபிஷ் இயக்கியது. அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனியில், சிறந்த மியூசிக்கல் மறுமேடையேற்றத்துக்கான விருது அந்த வருடம் இதற்குத்தான் கிடைத்தது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: இசையமைப்பாளர் ராட்ஜர்ஸும் பாடலாசிரியர் ஹாமர்ஸ்டைனும் சேர்ந்து எழுதிய முதல் மியூசிக்கல் இது. 1943-ல் தொடங்கி 2,212 காட்சிகள் ஓடியது. ஓக்லஹோமா அமெரிக்காவில் ஒரு மாநிலம் ஆவதற்குச் சற்று முன்னால் நடக்கிற கதை. லாரி என்கிற பண்ணைப் பெண், அவளைக் காதலிக்கிற கௌபாய் கர்லி, அதே பண்ணையில் வேலை பார்க்கிற, அவள் மேல் தானும் ஆசைப்படுகிற, ஊரோடு ஒட்டாத ஜட். 1955-ல் வந்த படத்தைப் பார்த்தவர்களுக்குச் சோளக்காடும் துள்ளல் பாட்டும்தான் நினைவுக்கு வரும்.

இங்கே உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது துப்பாக்கிகள். சுவர் நெடுக மாட்டியிருந்தார்கள். மேடையைச் சுற்றி நாம் உட்கார, நம் பக்கத்து விளக்குகளும் பெரும்பாலான நேரம் எரிந்துகொண்டே இருந்தன. ஊர்ப் பொதுக்கூடத்துக்கு வந்த மாதிரி எதிர்வரிசை முகங்கள் எல்லாம் தெரிந்தன. மேஜைகளில் மின்சாரச் சட்டிகள். இடைவேளையில் எல்லாரையும் கூப்பிட்டு மிளகாய் போட்ட பீன்ஸ் குழம்பும் சோள ரொட்டியும் கொடுத்தார்கள். பெரிய ஆர்கெஸ்ட்ரா கிடையாது. பாஞ்சோ, மாண்டலின் என்று ஏழு பேர்தான். பழகிய பாட்டுகளில் இத்தனை ஏக்கம் இருந்ததா என்று வியப்பாக இருந்தது. ஆடோ ஆனி என்கிற பாத்திரத்தில் நடித்த அலி ஸ்ட்ரோக்கர் சக்கர நாற்காலியில் சுழன்று சுழன்று பாடியது தனிக் கொண்டாட்டம். டோனி வென்ற முதல் சக்கர நாற்காலி நடிகர் அவர்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஜட் பற்றி. கர்லி அவன் இருப்பிடத்துக்கே போய், நீ தூக்கில் தொங்கினால் ஊரே உனக்காக எப்படி அழும் தெரியுமா என்று ஆசைகாட்டிப் பாடுவான். வழக்கமாக இது சிரிக்கவைக்கிற காட்சி. இங்கே எல்லா விளக்கையும் அணைத்துவிட்டார்கள். கும்மிருட்டு. இரண்டு பேரின் குரல் மட்டும், காதுக்குள் பேசுவதுபோல. அப்புறம் சுவரில் ஜட்டின் முகம், நேரடி வீடியோவில், ஆளுயரத்துக்கும் மேலே. பாட்ரிக் வெய்ல் நடித்தார். செத்தாலாவது நாலு பேர் தன்னை நல்லவன் என்பார்களோ என்று அந்த முகம் நிஜமாகவே யோசித்தது. ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

முடிவும் அப்படித்தான். மூலத்தில் ஜட் கத்தியோடு சண்டைக்கு வந்து, தன் கத்தி மேலேயே விழுந்து சாவான். இங்கே கர்லி, லாரி கல்யாணத்தில் பரிசாக ஒரு துப்பாக்கியை ஜட் கர்லி கையில் கொடுக்கிறான், கர்லி அவனைச் சுடுகிறான். மணமக்களின் வெள்ளை உடையில் ரத்தம் தெறிக்கிறது. உடனே அங்கேயே ஒரு விசாரணை. முறைப்படி நடக்கட்டும் என்று தயங்குகிற ஒருவரையும் மற்றவர்கள் அமுக்கிவிடுகிறார்கள். சில நிமிடங்களில் கர்லி விடுதலை. அந்த ரத்தக் கறையோடு எல்லாரும் வெறி பிடித்தாற்போல் தலைப்புப் பாடலைப் பாடுகிறார்கள். இந்த அவசர விசாரணை ஃபிஷ் சேர்த்தது இல்லை, 1943-லேயே இருந்தது. வசனத்தில் அநேகமாகக் கை வைக்காமல், இத்தனை வருடம் கைதட்டிவிட்டுக் கடந்துபோன இடத்தில் நம்மை நிறுத்திப் பார்க்கவைத்தார். நல்ல மறுமேடையேற்றத்திடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான்.

எல்லாமே பிடித்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் பாதித் தொடக்கத்தில் வரும் கனவு நடனம் எனக்கு நீளமாகப் பட்டது. இன்னொன்று: இதன் மூலமான 1931 நாடகத்தை எழுதிய லின் ரிக்ஸ், செரோக்கி என்கிற அமெரிக்கப் பூர்வகுடி வம்சாவளியினர். கதை நடக்கும் நிலத்துக்கு அப்போது பெயரே 'இந்தியன் டெரிட்டரி', அதாவது அமெரிக்கப் பூர்வகுடிகளின் பிரதேசம். அந்தப் பூர்வகுடிகள் 1943-ன் கதையில் இல்லை, இத்தனை துணிந்த இந்த மேடையேற்றமும் அந்த இடத்தைத் தொடவில்லை. அது எனக்கு உறுத்தியது.

இந்த மாதிரி எதற்காவது டிக்கெட் எடுத்தால், போவதற்கு முன் பழைய படத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். எதை மாற்றியிருக்கிறார்கள், எதை அப்படியே விட்டிருக்கிறார்கள் என்று தெரிந்து பார்க்கும்போதுதான் ருசி.